பாதயாத்திரையில் பாதம் எங்கே?

தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, வழிநடை பற்றிய கட்டுரைகள் தவறாமல் பிறந்துவிடுகின்றன. பழனிக்கு நடந்தவர் எழுதுகிறார்; திருவண்ணாமலைக்கு நடந்தவர் எழுதுகிறார்; புரட்டாசி வந்தால் திருப்பதிக்கு நடந்தவர் எழுதுகிறார். பக்தியில் நாட்டமில்லாத இலக்கிய நண்பர்களோ நடத்தல் ஒரு தியானம் என்று தொடங்கி, தன்னை இழத்தல், தன்னைக் கண்டடைதல் என்று போய் முடிக்கிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றை நாங்கள் ஆர்வத்தோடு படித்து வந்திருக்கிறோம். சிலவற்றை மெச்சியும் இருக்கிறோம். ஆனால் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே இடத்தில் ஒரு தாவல் நிகழ்வதை இப்போதுதான் கவனிக்கிறோம். ‘அதிகாலையில் புறப்பட்டோம்’ என்று ஒரு வாக்கியம். அடுத்த பத்தியில் நான்காம் நாள், பனிமூட்டம், தொலைவில் கோபுரம், கண்ணில் நீர். நடுவே கிடந்த மூன்று நாட்கள் எங்கே போயின? அந்த மூன்று நாட்களில் எழுதியவரின் கால் என்ன ஆயிற்று?

பாதயாத்திரை என்று பெயர் வைத்துக்கொண்டு பாதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே கண்டிக்க வந்திருக்கிறோம். இது வெறும் எழுத்துக் குறைபாடாக இருந்திருந்தால் பேசாமல் கடந்திருப்போம். இந்த மௌனத்தை நம்பி ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு இறங்கி நடக்கிறார்கள். நாங்களும் நம்பினோம்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஐந்து பேர், மூவர் ஆண்கள், இருவர் பெண்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வழியாகத் திருவண்ணாமலை. யாருக்கும் நேர்த்திக்கடன் இல்லை. பழைய வழியில் நடந்து பார்ப்போம், ஊர்களைப் பார்ப்போம் என்ற ஆசை மட்டுமே. ஒருவர் புதிதாக வாங்கிய கேன்வாஸ் காலணி அணிந்திருந்தார். ஒருவர் வெறுங்கால், அவர்தான் எங்களுள் மரபைப் பற்றி அதிகம் பேசுபவர். பாலாற்றுப் பாலத்தைக் கடக்கையில் எங்களுக்கு இருந்த உற்சாகத்தில் அன்றைக்கே அண்ணாமலையைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. தூசி தாண்டி மாமண்டூரை நெருங்கியபோது, காலணிக்காரரின் குதிகாலில் ஒரு சூடு. சூடுதானே என்று விட்டுவிட்டார். மாமண்டூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகளைப் பார்ப்பதாகப் பல வாரங்களாகத் திட்டமிட்டிருந்தோம். கல்வெட்டைப் படிப்பதற்கென்று ஒரு நூலின் நகல் எங்கள் பையில் இருந்தது. ஏரிக்கரைக்கு வந்ததும் ஐவரும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். குன்றின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். மற்ற நால்வரும் அதற்காகவே காத்திருந்தவர்கள் போல் ஒப்புக்கொண்டோம். பல்லவர் கலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள் நாங்கள். அந்தக் கலைக்கும் எங்களுக்கும் இடையே ஒரு குதிகால் வந்து நின்றது.

பெருநகருக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நடந்த தொலைவு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கலாம். பேருந்தில் வந்தால் ஒரு தூக்கத்துக்குக்கூடக் காணாது. அன்று தைப்பூசத்துக்கு முந்தைய நாள். பெருநகர் பிரம்மபுரீசுவரரோடு சுற்றுவட்டாரத்து ஊர்களின் சாமிகள் பலவும் செய்யாற்றில் வந்து கூடும் தீர்த்தவாரிக்காக ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஆற்று மணலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மணலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினோம். ஒருவருக்கு இரண்டு குதிகாலிலும் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம். ஒருவருக்குத் தொடைகளின் உட்புறம் உரசி ரத்தம் கசிந்திருந்தது. வெறுங்கால் நண்பரின் உள்ளங்கால் சிவந்து, தொட்டாலே துள்ளினார். பெண்கள் இருவரில் ஒருவர் தலைசுற்றிப் படுத்துவிட்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

சாமி தூக்கும் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் எங்களைக் கவனித்துவிட்டு வந்தார்.

“செருப்பு புச்சா தம்பி?”

“ஆமாங்க ஐயா.”

“புச்சு போட்டுக்கினு யாராவது தூரம் நடப்பாங்களா? அந்தத் தோலக் கிழிச்சிடாத. அது இருந்தாத்தான் உள்ள புண்ணாவாது. மொத நாளே காஞ்சியிலேருந்து இங்க வரைக்கும் வரச் சொல்லி யாரு சொன்னது ஒங்களுக்கு?”

யாரும் சொல்லவில்லை. கட்டுரைகள்தாம் சொல்லின. ஒரு நாளைக்கு இவ்வளவு நடந்தோம், அவ்வளவு நடந்தோம் என்று எண்ணிக்கையைப் பெருமையாகப் போட்ட கட்டுரைகள். அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தம் தொழிலைப் பற்றி ஒன்று சொன்னார். “நாங்க சாமி தூக்கச் சொல்லோ, தோள் மாத்தற ஆளு பக்கத்துலயே வரும். ஒருத்தனே கடசி வரைக்கும் தூக்கணும்னா சாமி ஆத்துக்கே வந்து சேராது.” கோயில் வழக்கில் இவர்களைச் சீபாதம் தாங்கிகள் என்பார்கள். பாதத்தைத் தாங்குகிறவருக்குத் தோளைப் பற்றித் தெரிந்திருக்கிறது; பாதத்தால் நடந்த எங்களுக்குப் பாதத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நிற்க. வாதத்துக்கு வருவோம்.

நடைப்பயணத்தைப் புகழ்வோர் முதலில் எடுத்து வீசும் ஆயுதம் முன்னோர். நம் முன்னோர் நடந்தார்கள், காசிக்கு நடந்தார்கள், இராமேசுவரத்துக்கு நடந்தார்கள், நமக்குத்தான் சொகுசு கூடிக் கால் மெலிந்துவிட்டது என்கிறார்கள். இந்த முன்னோர் யார், எப்படி நடந்தார்கள் என்று நம் இலக்கியத்திடமே கேட்கலாமே. இலக்கியம் பேசுகிறவர்கள்தாமே நாம்?

பொருநராற்றுப்படையில் பாடினியின் அழகைத் தலைமுதல் அடிவரை வருணித்துக்கொண்டு வரும் முடத்தாமக்கண்ணியார், அடிக்கு வந்ததும் அழகைச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போலச் சிவந்த சிறிய பாதம் என்கிறார். பரல்கற்கள் உறுத்திய நோயைச் சொல்கிறார். அடுத்து, மரல் செடியின் பழம் போல நீர் கோத்து நின்ற கொப்புளங்கள் என்கிறார். கொப்புளத்தைத் தன் காலிலோ அடுத்தவர் காலிலோ கிட்டத்தில் பார்க்காதவருக்கு அந்த உவமை வாய்க்காது. கூடவே, அவர்கள் நண்பகலில் நடப்பதைத் தவிர்த்தார்கள் என்ற செய்தியும் வருகிறது. சிறுபாணாற்றுப்படையிலும் அதே நாய்நாக்கு உவமை உண்டு. அங்கே விறலியரின் வருந்திய அடியை இளையோர் மெல்லப் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வறுமையில் ஊர் ஊராக நடந்தே பிழைத்த கூட்டம் அது. நடை அவர்கள் ரத்தத்தில் இல்லாமல் யார் ரத்தத்தில் இருக்கும்? அவர்களுக்கே கொப்புளம் வந்தது. அதைப் புலவர் மறைக்கவில்லை.

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். புகாரிலிருந்து புறப்பட்ட முதல் நாளிலேயே, சிறிது தொலைவு நடந்தவுடன், அடி நோவ, மூச்சு வாங்க, மதுரை எது என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதம், பக்கந்தான் என்று கோவலன் நகைக்கிறான். தமிழில் நடைப்பயணத்தின் முதல் நாளை இதைவிட உண்மையாக எழுதியவர் இல்லை. இருவரோடு சேர்ந்துகொள்ளும் கவுந்தியடிகள் என்ன செய்கிறார்? துறவியாயிற்றே, உடல் மாயை, வலி மாயை என்று உபதேசிக்கலாம். அவர் செய்வதோ வழியின் இடையூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வது. சோலை வழியே போனால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும், பலாக்கொட்டை பரல்போல் காலை உறுத்தும்; வயல் வழியே போனால் இன்னின்ன துன்பம். துறவியின் பேச்சு காலடியைப் பார்த்தே போகிறது. அதன்பின் அவர்கள் நடந்த கணக்கு: ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் இல்லை, இடையிடையே தங்கல். மதுரையை நெருங்கும் கட்டத்தில், வேனில் வெயிலைக் கண்ணகியின் அடி தாங்காது என்று கோவலன் கவலைப்பட, பகலை விட்டு நிலவொளியில் நடக்கிறார்கள். காதத்தின் அளவைப் பற்றி அறிஞர்களுக்குள் ஒருமை இல்லை. பத்து மைல் என்போரும் உண்டு, அதனினும் குறைவு என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நாங்கள் முதல் நாளில் நடந்தது கவுந்தியடிகள் அனுமதித்திருக்க மாட்டாத தொலைவு.

இலக்கியம் வேண்டாம், வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு உப்பு. 1930 மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தி ஏறத்தாழ 385 கிலோமீட்டரை 24 நாட்களில் கடந்து தண்டியை அடைந்தார். நாளுக்குப் பதினாறு கிலோமீட்டர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, திங்கட்கிழமை ஓய்வு. அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, 240 கிலோமீட்டர் போல நடந்து, 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார். இதுவும் நாளுக்கு ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர்தான். சித்திரை வெயில் வேறு. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது இன்றும் அந்தப் பக்கம் சொல்லப்படும் செய்தி. பேரரசை எதிர்த்து நடந்தவர்களே நாளுக்குப் பதினாறு கிலோமீட்டர் நடந்திருக்க, யாரையும் எதிர்க்காமல் நடக்கும் நாம் முப்பதும் நாற்பதும் நடந்தோம் என்று பீற்றிக்கொள்வானேன்? செட்டிநாட்டிலிருந்து பழனிக்குச் செல்லும் நகரத்தார் காவடிப் பயணத்தைப் பாருங்கள். எங்கே தங்குவது என்பது தலைமுறை தலைமுறையாக வரையறுக்கப்பட்டது. அவரவர் வீரத்துக்கு அங்கே இடமில்லை.

ஆக, முன்னோரை அழைப்பவர்கள் முன்னோரின் கணக்கையும் சேர்த்து அழைக்கட்டும்.

இனி அந்த மூன்று நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எழுதிவிடுகிறோம். கட்டுரையாளர்கள் எழுதாததை யாராவது எழுதத்தானே வேண்டும். கொப்புளம் என்பது மேல்தோல் தேய்வதால் வருவது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். அப்படியன்று. வியர்வையில் ஊறிய தோலின் மேற்பரப்பு காலணியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தோலின் அடுக்குகள் இழுபட்டு, உள்ளேயே பிளந்து, பிளவில் நீர் கோக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு இருபத்தைந்தாயிரம் அடிகளுக்குக் குறையாது. இந்த இழுபறி அத்தனை முறை நடக்கிறது. பிளவுக்கு முன் வருவதுதான் மாமண்டூரில் எங்கள் நண்பர் பொருட்படுத்தாத அந்தச் சூடு. அந்த இடத்தில் நின்று, காலணியைக் கழற்றி, காலை உலர்த்தி, பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் கதை வேறு. மேலும், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த காலணி மாலையில் இடுக்கியாகிவிடும். அதனால்தான் நெடுந்தொலைவு நடப்பவர்கள் ஓர் அளவு பெரியதாக வாங்கி, வீட்டருகே பல நாள் நடந்து பழக்கிய பிறகே பயணத்துக்கு எடுக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் எழுந்தால் தொடையும் கெண்டைக்காலும் மரக்கட்டை. முதல் நாளைவிட இரண்டாம் நாள் வலி கூடுவதைக் கண்டு பயந்து, தமக்கு ஏதோ ஆகிவிட்டது என்று திரும்பிவிடுபவர்கள் பலர். பழக்கமில்லாத உழைப்பால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் வலி அது. ஒரு நாள் கழித்துத்தான் ஏறத் தொடங்கும், மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும், பிறகு தானே இறங்கும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த லாக்டிக் அமிலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது உழைப்பு நின்ற சிறிது நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. இந்த ஓர் உண்மையை, இரண்டாம் மூன்றாம் நாட்களில் வலி கூடும், பிறகு குறையும் என்ற இந்த எளிய உண்மையை, நாங்கள் படித்த எந்தப் பயணக் கட்டுரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனை பேர் அஞ்சாமல் ஒரு நாள் ஓய்ந்து, பிறகு நடந்திருப்பார்கள்!

வெயிலுக்கு உடம்பு பழக இன்னும் அதிக நாள் வேண்டும்; ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை. பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். பழகாத உடம்பிலிருந்து உப்பு கொட்டும். அப்போது வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மயக்கம் வரும். உப்புப் போட்ட நீர்மோரையும் பழைய சோற்று நீராகாரத்தையும் தண்ணீர்ப்பந்தலில் வைத்தவர்கள் இதை எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டார்கள். எலும்பின் கதை இன்னும் மெதுவானது. திடீரென்று கூட்டப்பட்ட நடையைத் தாங்கித் தன்னை வலுப்படுத்திக்கொள்ள அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அணிவகுத்து நடந்த படைவீரர்களின் பாதம் வீங்கி நோவதை 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட் குறித்து வைத்தார். அது பாத எலும்பில் விழுந்த முறிவு என்பது 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் தெளிவாயிற்று. நாற்பது ஆண்டுகளாக எத்தனை வீரர்கள் முறிந்த எலும்போடு, பாசாங்கு செய்கிறான் என்ற ஏச்சோடு நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஏச்சு நமக்குப் புதிதில்லை. இங்கே அதற்கு வேறு பெயர்.

அந்தப் பெயர்தான் நம்பிக்கைக் குறைவு. நம்பி நடந்தால் வலி தெரியாது என்பது இரண்டாவது ஆயுதம். இதன் நவீன வடிவம், வலி மனத்தில்தான் இருக்கிறது என்று தன்முன்னேற்ற நூல்கள் ஓதுவது. இரண்டும் ஒன்றே. நடக்க முடியாதவனைக் குற்றவாளியாக்கும் தந்திரம்.

இதற்குச் சேக்கிழாரைத் துணைக்கு அழைப்பார்கள். அப்பர் கயிலைக்கு நடக்கவில்லையா, பாதம் தேய்ந்தும் கையால் நகரவில்லையா, கை தேய்ந்தும் மார்பால் தவழவில்லையா? நடந்தார், நகர்ந்தார், தவழ்ந்தார், உருண்டார். ஆனால் சேக்கிழார் எழுதியதை முழுதாகப் படியுங்கள். நம்பியதால் அப்பருக்குக் கால் தேயவில்லை என்று அவர் எழுதவில்லை. நாவுக்கரசரைவிட நம்பியவர் யார்? அவருக்கே பாதம் தேய்ந்தது, கை தேய்ந்தது, மார்பு தேய்ந்தது. முனிவர் வடிவில் வந்த இறைவன் இது மானிடரால் ஆகாது, திரும்பிப் போ என்கிறார். கடைசியில் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்கிறார். பிள்ளை ஞானசம்பந்தரோ தந்தையின் தோளை மறுத்து நெல்வாயில் அரத்துறைக்கு நடந்துபோய்ப் பாதம் நொந்தபோது, மாறன்பாடியில் தங்கிய அன்றிரவு, இறைவன் அரத்துறை ஊராரின் கனவில் தோன்றி முத்துச் சிவிகை கொடுத்தனுப்பினார் என்பது புராணம். இறைவனுக்குத் தெரிந்த மருத்துவம் அதுதான்: கால் நொந்தவனுக்கு வாகனம். வலியைப் பொறுத்துக்கொள் என்று அவர் சொன்னதாகச் சேக்கிழார் எங்கும் எழுதவில்லை. சொல்பவர்கள் நம் காலத்துக் கட்டுரையாளர்கள்.

வலி தெரியவில்லை என்பதில் இன்னொரு பயங்கரம் இருக்கிறது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது; பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். நீண்டகால நீரிழிவு பாதத்தின் நரம்புகளைக் கெடுக்கும். அவர்களுக்கு உண்மையிலேயே வலி தெரியாது. முள் ஏறியிருக்கும், தெரியாது. தார்ச்சாலையின் சூட்டில் உள்ளங்கால் வெந்திருக்கும், தெரியாது. வெறுங்காலோடு பத்து நாள் நடந்தும் எனக்கு ஒரு வலியும் இல்லை, எல்லாம் அவன் அருள் என்று ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுதினால், அதைப் படித்து நெகிழாதீர்கள். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். புண் ஆறாமல் விரலையும் காலையும் இழந்தவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. வென்றவர்கள் மட்டுமே எழுதும் துறையாக இது ஆகிப்போனதுதான் இந்த மௌனத்துக்கு மூலகாரணம் என்பது எங்கள் எண்ணம்.

சொல்லவேண்டிய இன்னொன்று, வழி. முன்னோர் நடந்தார்கள் என்பவர்கள் அந்த வழியை யாரோ ஆயத்தம் செய்து வைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் புளியமரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல். தலைச்சுமையை யார் துணையுமின்றி இறக்கி ஏற்றத் தோதான உயரத்தில். சாவடி, சத்திரம், கிணறு. பெருநகரைத் தொட்டு ஓடும் இதே செய்யாறு கீழே போய்ப் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து, பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலசாலைக்கு 15 படுக்கை, மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், மருந்து சேகரிப்போர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், தண்ணீர் கொடுப்போர் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்று கணக்கு வெட்டி வைத்திருக்கிறது. உத்திரமேரூரின் குடவோலையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். பக்கத்திலிருக்கும் திருமுக்கூடலின் 15 படுக்கையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. ஒன்று பெருமை பேச உதவுகிறது. மற்றது பொறுப்பைக் கேட்கிறது.

இன்றைய நிலை என்ன? சாலையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டன. நடப்பவருக்கென்று ஓரம் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஜல்லியும் முள்ளும், கோட்டுக்கு இப்பால் லாரி. பாதயாத்திரைக் கூட்டத்தின்மீது வாகனம் மோதிய செய்தி இல்லாமல் ஒரு தை மாதமும் கழிவதில்லை. அன்னதானத்துக்குக் குறைவில்லை, பூசக் காலத்தில் பந்தலுக்குப் பந்தல் பொங்கலும் புளியோதரையும் வாங்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இல்லாதது கழிப்பறை. பெருநகர் மணலில் தலைசுற்றிப் படுத்த எங்கள் தோழியின் காரணம் அதுதான். விடியற்காலை தொடங்கி மாலைவரை அவர் குடித்தது ஒரே ஒரு சிறிய புட்டித் தண்ணீர். ஒதுங்க இடமிருக்காது என்று தெரிந்தே குடிக்காமல் நடந்திருக்கிறார். மற்றொருவரும் அப்படித்தான். ஆண்கள் மூவருக்கும் அது மாலைவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவும் இல்லை. எங்களைக் கண்டித்துக்கொள்ளாமல் பிறரைக் கண்டிப்பது முறையாகாது என்பதால் இதையும் எழுதுகிறோம். நடத்தல் தியானம் என்று எழுதுகிற நண்பர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிப் பார்த்தோம், விடை கிடைத்துவிட்டது. சாலையில் நடக்கும் பெண்களின் எண்ணிக்கை ஆண்களுக்குக் குறைந்ததன்று. அவர்கள் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். எவரும் அதை எழுதுவதில்லை.

நாங்கள் நடப்பதற்கு எதிரிகளா என்று கேட்கப்படலாம். நடப்பதில் ஆசை இல்லாதவர்களுக்கு இவ்வளவு கோபம் வராது. கண்ணகி கேட்ட கேள்வியை எழுதிவிட்டுத்தான் இளங்கோ மதுரையின் மதிற்கொடிகளை எழுதுகிறார். கொடிகள் அதனால் தாழ்ந்துபோகவில்லை. இனி எழுதுபவர்கள் எத்தனையாம் கிலோமீட்டரில் சூடு கண்டது, என்ன காலணி, எங்கே ஒதுங்கினோம், யார் எங்கே திரும்பிப் போனார்கள் என்பதையும் எழுதட்டும். கோபுர தரிசனத்துக்கு அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் இடம் எடுத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் பெருநகரிலேயே தங்கிவிட்டோம். பூசத்தன்று ஆற்று மணலில் ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்குவதை, காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தோம். பெரியவர் சொன்னது சரிதான்; ஒவ்வொரு பல்லக்கின் பக்கத்திலும் மாற்றுத் தோள்கள் நடந்து வந்தன. கொப்புளத்தைக் கிழிக்கவில்லை. ஒன்று மட்டும் உப்பிக் காலை ஊன்றவிடாமல் படுத்தியதால், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு, தோலை அப்படியே வைத்துக் கட்டினோம். மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் நின்று, மாலையில் மீண்டும் நடந்து வந்தவாசி சேர்ந்தோம். அங்கிருந்து மூவர் தொடர்ந்தோம். வெறுங்கால் நண்பரும் காலணி நண்பரும் வந்தவாசிப் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டி ஏறினார்கள். காலணி நண்பர் வீட்டில் என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்தது. காலில் கொப்புளம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வழியில் காய்ச்சல் கண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவர் மனைவி இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம்.